எர்த் கம்பி இல்லாத வீடு

எங்கள் பழுதுபார்ப்பு நிலையத்தில் அவருக்கு டெஸ்டர் அக்கா என்று பெயர். காக்கிச் சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு டெஸ்டர் செருகியிருக்கும். எதிரே இருப்பவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அதை எடுத்துத் துடைத்துத் திரும்பச் செருகுவார். பதினான்கு வருடம் அவருக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து உடைந்த நாற்காலிகளுக்குக் கால் ஒட்டிய தச்சன் நான். இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைத்துக்கொண்டு சொல்கிறேன்.

எங்கள் நகரத்துக் குப்பைமேடு மூன்று மாடி உயரம் வளர்ந்து, அக்கம்பக்கத்துத் தெருக்காரர்கள் ஜன்னலைத் திறக்க முடியாமல் போன வருடம் நகராட்சிக்கு ஞானம் வந்தது. தூக்கி எறிகிற பொருளில் பாதியையாவது பழுது பார்த்து, தேவைப்படுகிறவர்களுக்குத் தர வேண்டும் என்று முடிவெடுத்து, பாழடைந்து கிடந்த ஒரு பஸ் கொட்டகையை எங்களுக்கு ஒதுக்கினார்கள். முன்வாசலில் பழைய பொருள் வரும். நடுவில் நாங்கள் பதினோரு பேர் பழுது பார்ப்போம். பின்வாசல் வழியாக அது இன்னொரு வீட்டுக்குப் போகும். திட்ட அதிகாரி முப்பது வயதுகூட ஆகாத பெண். முதல் நாள் எங்களை நிற்க வைத்துப் பேசினார்.

"இதுக்குப் பேரு சுழற்சிப் பொருளாதாரம். பொருள் நேரா போய்க் குப்பையில விழக்கூடாது. வட்டமா சுத்தி வரணும்."

அன்று மாலை அக்காவை அழைத்துப்போக அவர் கணவர் வந்திருந்தார். அரசு அலுவலகம் ஒன்றில் லிஃப்ட் இயக்குபவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நல்லதாப் போச்சு. நான் நாள் முழுக்க மேலயும் கீழயும் போறேன், நீ சுத்திச் சுத்தி வா. ரெண்டு பேரும் எங்கயும் போய்ச் சேர மாட்டோம்" என்றார். அக்கா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த சாப்பாட்டுப் பாத்திரம் கீழே விழுந்தது. அப்படிச் சிரிக்கிறவராக அவர் ஒரு காலத்தில் இருந்தார் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

அக்கா அதற்கு முன் இருபது வருடம் ஒரு மின்விசிறித் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் இருந்தவர். தொழிற்சாலையை இழுத்து மூடியதும் இங்கே வந்தார். மின்சாரத்தில் ஓடும் எந்தப் பொருளும் அவர் கையெழுத்துப் போட்ட பச்சை ஸ்டிக்கர் இல்லாமல் பின்வாசலைத் தாண்டாது. பத்துப் பொருள் வந்தால் மூன்றைக் கழித்துவிடுவார். ஒருமுறை திட்ட அதிகாரி வந்து கெஞ்சினார்.

"அக்கா, இந்த மாசம் அறிக்கையில எண்ணிக்கை கம்மியா இருக்கு. கொஞ்சம் பார்த்து விடுங்களேன்."

"அறிக்கைக்கு ஷாக் அடிக்காதும்மா. மனுஷனுக்குத்தான் அடிக்கும்."

அதிகாரி அறிக்கையை மடித்துக்கொண்டு போனார்.

இரண்டாம் வருடக் கடைசியில் ஒரு பெண் வாஷிங் மெஷின் கேட்டு வந்தாள். மருத்துவமனையில் வார்டு உதவியாளர். மூன்று வயதில் இரட்டைப் பெண் குழந்தைகள். மருந்துத் தண்ணீரில் ஊறி ஊறி அவள் விரல்களெல்லாம் வெடித்திருந்தன. கூடவே அவள் கணவன், நகரப் பேருந்து ஓட்டுநர், கூச்சத்தோடு கதவோரம் நின்றான். அவளுக்குக் கூச்சமெல்லாம் கிடையாது. மெஷினைச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தாள்.

"ஏன்க்கா, இது வேலை செய்யுமா, இல்ல எங்க வீட்டுக்காரர் மாதிரி சத்தம் மட்டும்தானா?"

"வேலை செய்யும். சத்தமும் கொஞ்சம் இருக்கும்."

"சரி, ரெண்டும் பழகினதுதான். வீட்டுல கொண்டு போய் என்னக்கா பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ண வேணாம். குழாயை மாட்டுங்க, பிளக்கைச் சொருகுங்க. அவ்வளவுதான்."

இருவரும் ஒரு தள்ளுவண்டியில் அதை ஏற்றிக்கொண்டு போனார்கள். மேட்டில் அவன் இழுக்க அவள் தள்ளினாள். நான் வாசலில் நின்று பார்த்தேன்.

நான்கு மாதம் கழித்து, விடாத மழையில் சுவரெல்லாம் ஓதம் ஏறியிருந்த ஒரு நாள் மதியம், குழந்தைகளைத் தூங்க வைத்துவிட்டு அவள் துணி எடுக்கப் போயிருக்கிறாள். ஈரக் கையோடு மெஷினைத் தொட்டிருக்கிறாள். ஓட்டுநர் வேலை முடிந்து வந்தபோது இரண்டு குழந்தைகளும் எழுந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தனவாம். அவை அவளைத் தொடுவதற்குள் அந்தத் தெருவில் மின்சாரம் போயிருந்தது. அதனால் பிழைத்தன.

மறுநாள் பத்திரிகையில் பச்சை ஸ்டிக்கரின் படம் வந்தது. அக்காவின் கையெழுத்து அதில் தெளிவாகத் தெரிந்தது. நிலையத்தைப் பூட்டி எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு மாதம் விசாரணை நடந்தது.

விசாரணையில் தெரிந்தது இதுதான். மழை ஓதத்தில் மோட்டாருக்குள் ஈரம் இறங்கி, மின்சாரம் மெஷினின் இரும்பு உடம்புக்குக் கசிந்திருக்கிறது. எந்த மெஷினுக்கும், புதிதுக்கும்கூட, இது நடக்கலாம். வீட்டில் எர்த் கம்பி இருந்தால் கசிந்த மின்சாரம் அதன் வழியே மண்ணுக்குள் இறங்கிவிடும், ஃபியூஸ் போய்விடும். அந்த வாடகை வீட்டுச் சாக்கெட்டில் மூன்று ஓட்டைகள் இருந்தன. எர்த்துக்கான ஓட்டைக்குப் பின்னால் கம்பியே இல்லை. வெறும் சுவர்தான். ஆகவே நிலையத்தின் மேல் தவறில்லை என்று எழுதினார்கள்.

நகராட்சி மன்றத்தில் விசாரணையின் கடைசிக் கூட்டம் நடந்தது. அன்று அதிகாரி அக்காவின் காதோடு சொன்னதை நான் கேட்டேன். "கேட்டா 'சோதிச்சப்போ சரியா இருந்துச்சு'ன்னு மட்டும் சொல்லுங்கக்கா. போதும். நிலையம் திறந்துடும்."

தலைவர் கேட்டார். அக்கா எழுந்து நின்றார்.

"சோதிச்சப்போ சரியாத்தான் இருந்துச்சு. ஆனா வீட்டுல கொண்டு போய் என்ன பண்ணணும்னு அந்தப் பொண்ணு என்னைக் கேட்டா. பிளக்கைச் சொருகுங்க, அவ்வளவுதான்னு சொன்னேன். உங்க வீட்டுல எர்த் இருக்கான்னு நான் கேட்கல. இருபத்திரெண்டு வருஷமா கரண்ட்டோட பழகினவ நான். கேட்டிருக்கணும்."

அதிகாரி தலையைக் குனிந்துகொண்டார்.

அதற்குப் பிறகும் நிலையத்தைத் திறந்தார்கள் என்றால், அது அக்கா அடுத்துச் சொன்னதால்தான். இனி எந்த மெஷின் வெளியே போவதாக இருந்தாலும் முதலில் நிலையத்திலிருந்து ஒரு ஆள் அந்த வீட்டுக்குப் போய்ச் சாக்கெட்டைப் பார்க்க வேண்டும், எர்த் இல்லையென்றால் போட்டுவிட்டுத்தான் மெஷினைத் தர வேண்டும் என்றார். "ஊர்ல உள்ள வீட்டுக்கெல்லாம் எர்த் போடுறது நம்ம வேலையா?" என்று ஒரு உறுப்பினர் கேட்டார். "ஊர்ல உள்ள வீட்டுக்கெல்லாம் இல்லைங்க. நாம மெஷின் குடுக்கிற வீட்டுக்கு" என்றார் அக்கா.

தீர்மானம் நிறைவேறிய மறுநாள் காலை அவர் என் வீட்டுக்கு வந்தார். "தம்பி, கடப்பாரை வச்சிருக்கியா? என்கூட ஒரு இடத்துக்கு வரணும்."

கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

ஓட்டுநர் கதவைத் திறந்தான். அக்காவைப் பார்த்ததும் முகம் கல்லாகிவிட்டது. அவருடைய கையிலிருந்த செம்புக் கம்பியையும் என் தோளிலிருந்த கடப்பாரையையும் பார்த்தான்.

"இப்ப எதுக்கு?"

அக்கா கம்பியைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார். "வீட்டுல ரெண்டு குழந்தைங்க இருக்கு. அந்தச் சாக்கெட் இன்னும் அப்படியேதான் இருக்கு."

அவன் கதவை விட்டு நகர்ந்தான்.

வீட்டுக்குப் பின்னால் ஆளுயரக் குழி தோண்டினேன். அக்கா கம்பியை இறக்கி, மின்சாரம் சுலபமாக மண்ணில் இறங்கக் கரியும் உப்பும் போட்டு மூடினார். அதிலிருந்து சுவரோரமாக ஒயர் இழுத்துச் சாக்கெட்டில் சேர்த்தார். நடுவில் இரட்டைகள் இரண்டும் வந்து குழியோரம் குந்திக்கொண்டன. அதில் ஒன்று, "செடி வைக்கிறீங்களா?" என்று கேட்டது. அக்கா தலை நிமிராமல் மண்ணைத் தள்ளினார். நான்தான் "ஆமாடா கண்ணு" என்றேன். வேலை முடிய அரை நாள் ஆயிற்று. அதுவரை அவன் வாசற்படியில் தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். நாங்கள் கிளம்பியபோதும் திரும்பிப் பார்க்கவில்லை.

அக்கா வேலைக்கு வந்தார். ஆனால் ஆளே மாறிவிட்டார். முன்பு மூன்று கழித்தவர் இப்போது ஐந்து கழித்தார். அவருடைய வீட்டில் ஒரு வாஷிங் மெஷின் இருந்தது. அதைத் தூக்கி நிலையத்துக்கே கொடுத்துவிட்டுக் கையால் துவைக்க ஆரம்பித்தார். லிஃப்ட்காரர் என்னிடம் தனியாகப் புலம்பினார். "வாயடிச்சு வாயடிச்சு இருபத்தஞ்சு வருஷம் ஓட்டிட்டேன்யா. இப்ப நான் ஜோக் சொன்னா, பாவம் மனுஷன்னு என்னைப் பார்க்கிறா. அதைத்தான் தாங்க முடியல."

நகராட்சியின் திட்டம் மட்டும் நன்றாக வளர்ந்தது. குப்பைமேடு ஏறுவது நின்றது. பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்கள் வந்து பார்த்தார்கள். ஐந்தாம் வருடம் எட்டு ஊர்கள் சேர்ந்து எங்களைப் போலவே நிலையம் தொடங்க முடிவு செய்தன. அவர்களுக்குப் பயிற்சி கொடுக்க எங்களைக் கூப்பிட்டார்கள். மர வேலைக்கு நான், மின்சாரத்துக்கு அக்கா.

முதல் ஊரில் எங்கள் அதிகாரி அறிமுக உரையில், "வீட்டைப் பார்த்துட்டுப் பொருள் குடுக்கிற முறை வந்ததுல இருந்து ஒரு விபத்துகூட இல்லை" என்று பெருமையாகச் சொன்னார். அக்கா எழுந்தார். "அதுக்கு முன்னால ஒண்ணு இருக்கு" என்று ஆரம்பித்து, மழை, ஈரக் கை, மூன்றாவது ஓட்டை எல்லாவற்றையும் சொன்னார். கேட்டவர்கள் அதன்பின் ஒரு சாக்கெட்டையும் பார்க்காமல் விடவில்லை. அதிலிருந்து ஒவ்வொரு ஊரிலும் அந்தக் கதையைச் சொல்லித்தான் வகுப்பைத் தொடங்கினார்.

கதைக்குக் கால் உண்டு. ஒருநாள் பிற்பகல் ஓட்டுநர் சீருடையோடு நிலையத்துக்குள் வந்து அக்காவின் மேசைக்கு முன் நின்றான்.

"ஊர் ஊராப் போய் என் பொண்டாட்டி செத்த கதையைச் சொல்றீங்களாமே?"

"ஆமாப்பா."

"யாரைக் கேட்டுச் சொல்றீங்க?"

அக்கா எழுந்து நின்றார்.

"என் பஸ்ஸுல ஏறின ஒருத்தன் பக்கத்துல இருக்கறவன்கிட்ட அதைச் சொல்லிட்டு வர்றான். எனக்குப் பின்னாடி ரெண்டாவது சீட்டுல உட்கார்ந்து! நான் வண்டி ஓட்டணுமா, அதைக் கேட்கணுமா? அவ உங்களுக்குப் பாடமா?"

"இனிமே சொல்ல மாட்டேன்."

அவன் போய்விட்டான். அக்கா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அதன்பிறகு வகுப்புகளில், "மெஷின் குடுக்கறதுக்கு முன்னாடி வீட்டுல எர்த் பாருங்க, இது விதி" என்று மட்டும் சொன்னார். ஏன் என்று கேட்டால், விதி என்றார். பின்வரிசையில் கொட்டாவி விட்டார்கள்.

ஒன்றரை வருடம் கழித்து ஏழாவது ஊரிலிருந்து செய்தி வந்தது. வீட்டைப் பார்க்காமலே ஒரு கிரைண்டரைக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு கிழவரின் உள்ளங்கை வெந்துவிட்டது. உயிருக்கு ஒன்றுமில்லை. ஏன் பார்க்கவில்லை என்று விசாரித்ததற்கு அந்த ஊர்க்காரர், "விதின்னு சொன்னாங்க. எத்தனையோ விதி இருக்கு, அதுல இதுவும் ஒண்ணுன்னு நினைச்சோம்" என்றாராம்.

அக்கா அன்று வேலை முடிந்ததும் நேராகப் பேருந்துப் பணிமனைக்குப் போனார். நானும் போனேன். ஓட்டுநர் வண்டியைத் தண்ணீர் அடித்துக் கழுவிக்கொண்டிருந்தான். அக்கா நடந்ததைச் சொன்னார்.

"உன்கிட்டக் கேட்கத்தான் வந்தேன். நீ வேணாம்னா இப்பவும் சொல்ல மாட்டேன்."

அவன் குழாயை மூடினான்.

"அவ எப்படிச் செத்தாங்கறதை மட்டும்தானே சொல்றீங்க. எப்படி இருந்தான்னு உங்களுக்குத் தெரியுமா?"

"ஒரு தடவை பார்த்திருக்கேன். உன்னைக் கிண்டல் பண்ணினா."

அவன் முகத்தில் சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒன்று வந்து போனது. பிறகு பேசினான். அந்தப் பணிமனை மேடையில் உட்கார்ந்து அவன் பேசியதெல்லாம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. வார்டில் யாரும் பார்க்க வராத நோயாளிகளுக்கு அவள் தானே ஒரு உறவுமுறை வைத்துக்கொள்வாளாம். ஒருவர் பெரியப்பா, ஒருவர் மச்சான். வீட்டுக்கு வந்து, "உங்களுக்கு இன்னைக்கு ஒரு மாமனார் கூடிட்டார்" என்பாளாம். பாட்டுக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். ஆனாலும் குழந்தைகளைத் தூங்க வைக்கப் பாடுவாளாம். "அவ நிறுத்தட்டும்னே ரெண்டும் தூங்கிடும்" என்றான். இவனுக்குப் புத்தகம் படித்துக் காட்டுவாள், இவன் பாதியில் தூங்கினால் முடிவை மாற்றிச் சொல்லி ஏமாற்றுவாள். மெஷின் வந்த அன்று துவைக்க அழுக்குத் துணி போதாமல், துவைத்து மடித்து வைத்திருந்ததையும் எடுத்துப் போட்டாளாம்.

"சொல்றதுன்னா இதையும் சேர்த்துச் சொல்லுங்க. இல்லைன்னா சொல்லாதீங்க."

அடுத்த வகுப்பில் அக்கா அவள் வாழ்ந்த கதையிலிருந்து தொடங்கினார். ஆட்கள் சிரித்தார்கள். மடித்து வைத்த துணியைப் போட்ட இடத்தில் ஒரு அறையே சிரித்தது. அதற்குப் பின்னால் வருவதை அக்கா சொன்னபோது அந்தச் சிரிப்பு அவர்கள் முகத்திலேயே உறைந்து நிற்பதை நான் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அவர்களைச் சிரிக்க வைத்துவிட்டு அப்படிச் செய்வது அக்காவுக்கு லேசாக இல்லை. வகுப்பு முடிந்ததும் தனியாக ஒரு சுற்று நடந்துவிட்டுத்தான் வருவார்.

அப்படி ஆறு வருடம். கடைசியாக ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊர். கதையைச் சொல்லி முடித்ததும் அந்த ஊர் அலுவலகத்து எழுத்தர், வயதான மனிதர், கை தூக்கினார்.

"அந்தப் பிள்ளைங்க ரெண்டும் இப்ப எப்படி இருக்காங்கம்மா?"

அக்கா அவரையே பார்த்தார். எங்கள் எல்லோரையும் பார்த்தார். டெஸ்டரை எடுத்துத் துடைத்தார். "தெரியலைங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

பின்னாலேயே போனேன். மரத்தடியில் நின்றிருந்தார்.

"ஆறு வருஷமா அவங்க அம்மா கதையைச் சொல்லிக்கிட்டுத் திரியறேன், தம்பி. அதுங்களைப் பத்தி ஒரு வார்த்தை விசாரிச்சேனா? பள்ளிக்கூடம் போகுதுங்களா, தின்னுச்சுங்களா, என்ன ஏதுன்னு. பயம். பார்த்தா அதுங்க முகத்துல அவ முகம் இருக்குமேன்னு பயம்."

திரும்பி வந்த மறுநாளே பணிமனைக்குப் போனார். ஓட்டுநர் இரண்டு வருடத்துக்கு முன்பே வேலையை விட்டுவிட்டான் என்றார்கள். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டானாம். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த வீட்டுக்கும் போனோம். வேறு குடும்பம் இருந்தது. சமையலறையில் புது மெஷின் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அக்கா அனுமதி கேட்டு உள்ளே போய், மீட்டரை வைத்து எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். சரியாக இருந்தது. அந்த வீட்டுப் பெண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அந்த வருடமே அக்கா ஓய்வு பெற்றார். பாராட்டுக் கூட்டம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இப்போது வீட்டில்தான் இருக்கிறார். லிஃப்ட்காரருக்கு முழங்கால் போய்விட்டது. அவரைக் கவனித்துக்கொள்கிறார். மாதம் ஒருமுறை போய்ப் பார்ப்பேன். எட்டு ஊர் இருபத்தாறு ஊராகிவிட்டதைச் சொன்னால் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். "ஆட்கள் வீட்டைப் போய்ப் பார்க்கிறாங்களா?" என்று மட்டும் கேட்பார். பார்க்கிறார்கள் என்பேன். அது உண்மைதான்.

பயிற்சி இப்போது வேறொருவர் நடத்துகிறார். கெட்டிக்காரர், நல்லவரும்கூட. சுவரில் படம் போட்டுக் காட்டுகிறார். கதையையும் சொல்கிறார். போன வாரம் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். "ஒரு நகரத்தில் பயனாளி ஒருவர் மின்கசிவால் உயிரிழந்தார்" என்று சொல்லி அடுத்த படத்துக்குப் போனார். அரை நிமிடம்கூட ஆகவில்லை. கை தூக்கி, அவள் சுருதி சேராமல் பாடுவாள் என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது. சொல்லவில்லை. அக்காவிடமும் இதைச் சொல்லவில்லை.